பேசின் பிரிட்ஜில் மரியோ மெதுவாகத்தான் ஓடினான்

தொண்ணூறுகளில் வட சென்னையில் வளர்ந்த யாரையாவது நிறுத்தி, "உங்க வீட்ல நின்டெண்டோ இருந்துச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்பார்கள். "மரியோ ஆடியிருக்கீங்களா?" என்று கேளுங்கள். எந்த ஸ்டேஜில் எங்கே குதித்தால் மறைந்திருக்கும் செங்கல்லிலிருந்து லைஃப் கிடைக்கும் என்று விளக்க ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டு பதிலும் உண்மை. நாங்கள் ஆடியது நின்டெண்டோ விற்ற இயந்திரத்தில் அல்ல, அதன் நகலில். எங்கள் தெருவில் அது 'டிவி கேம்'. அதற்குள் செருகுவது 'கேசட்'. கையில் பிடிப்பது, குச்சியே இல்லாவிட்டாலும், 'ஜாய்ஸ்டிக்'.

அசல் இயந்திரம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஃபேமிலி கம்ப்யூட்டர் என்பதைச் சுருக்கி ஃபேமிகாம் என்றார்கள். வடிவமைத்த குழுவுக்குத் தலைவர் மசாயுகி உஎமுரா. உள்ளே முக்கியமாக இரண்டு சில்லுகள். ஒன்று கணக்குப் போடும். 1975இல் வந்த 6502 என்ற மலிவான சில்லை ஒட்டி ரிக்கோ நிறுவனம் செய்தது. ஆப்பிள் 2 கணினிக்குள் இருந்ததும் அதே 6502தான். இன்னொரு சில்லு படம் வரையும். இந்த இரண்டையும் தைவானின் யுஎம்சி நிறுவனம் நகலெடுத்தது. பிறகு எல்லாவற்றையும் ஒரே சில்லுக்குள் அடக்கி, உறைகூடப் போடாமல் பலகையில் ஒட்டி, மேலே கருப்புப் பிசினை ஒரு சொட்டு விட்டார்கள். ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே பார்த்த ஒவ்வொரு பையனும் ஏமாந்திருப்பான். அவ்வளவு பெரிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் உள்ளங்கை அளவு பலகையும் ஒரு கருப்புக் குமிழும்தான் இருக்கும்.

நகலெடுப்பது அவ்வளவு சுலபமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. நின்டெண்டோ 1985இல் அமெரிக்காவில் இறக்கிய என்இஎஸ் வடிவத்தில் கன்சோலிலும் கேசட்டிலும் ஒவ்வொரு பூட்டுச் சில்லு இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் காணாவிட்டால் ஆட்டம் தொடங்காது. முதலில் வந்த ஜப்பானிய வடிவத்தில் அந்தப் பூட்டு இல்லை. எனவே நகல்காரர்கள் ஜப்பானிய வடிவத்தையே பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்கக் கேசட்டைப்போல 72 பின்கள் இல்லாமல் எங்கள் கேசட்டுகளில் 60 பின்கள் இருந்தது அதனால்தான். இந்தியாவிலும் 'சாமுராய்' என்ற பெயரில் உரிமத்தோடு ஒன்று விற்றார்கள். எங்கள் பக்கம் அதைக் கண்ணால் கண்டவர் எனக்குத் தெரிந்து இல்லை. எங்களுக்கு வந்ததெல்லாம் பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரிலிருந்து. பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த தமிழர்களுக்காக 1969இல் உருவான அந்தக் கடை வரிசையில், சிங்கப்பூர் சென்ட் பாட்டில்களுக்கு நடுவே டிவி கேம் டப்பாக்கள் அடுக்கியிருக்கும். அட்டையில் '9999999 இன் 1' என்று கூசாமல் அச்சடித்திருப்பார்கள். உள்ளே இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள். அவற்றையே மூன்றாவது ஸ்டேஜிலிருந்து, ஐந்தாவது ஸ்டேஜிலிருந்து, கூடுதல் லைஃபோடு என்று வேறு வேறு பெயரில் பட்டியல் போட்டிருப்பார்கள். மெனுவில் ஓர் எண்ணைத் தேர்ந்தால், நினைவகத்தில் ஸ்டேஜ் எண்ணை மாற்றி எழுதிவிட்டு அதே ஆட்டத்துக்குள் தாவும். மோசடிதான். ஆனால் மூளை உள்ள மோசடி.

டிவி கேமை டிவியோடு இணைக்க அன்று எங்களுக்கு இருந்த வழி, ஆன்டெனா துளை. கன்சோலுக்குள் ஒரு சின்னத் தகர டப்பா இருக்கும். ஆர்எஃப் மாடுலேட்டர் என்று பெயர். அது ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையம். ஆட்டத்தின் படத்தை விஎச்எஃப் அலைமேல் ஏற்றி ஒயர் வழியாக அனுப்பும். டிவி அதைத் தூர்தர்ஷனைப் பிடிப்பதுபோலவே பிடிக்கும். ஆகவே ஒளிபரப்பைக் கெடுக்கும் எதுவும் ஆட்டத்தையும் கெடுக்கும். எங்கள் பேசின் பிரிட்ஜில் இதற்குப் பஞ்சமே இல்லை. சென்ட்ரல் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் ரயில்கள் எல்லாம் எங்கள் முதுகுப் பக்கமாகத்தான் போயாக வேண்டும். தண்டவாளத்துக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி. என்ஜினின் பான்டோகிராஃப் அந்தக் கம்பியைவிட்டு ஒரு மயிரிழை விலகினாலும் இடைவெளியில் மின்பொறி தாவும். மின்பொறி என்றால் ரேடியோ அலை. இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் 1887இல் ரேடியோ அலையை முதன்முதலில் உண்டாக்கியதே பொறியை வைத்துத்தான். எங்கள் கன்சோலின் மலிவான ஒயர் ஆன்டெனாவாகவும் வேலை பார்த்ததால், ரயில் போகும்போது திரையில் வெள்ளைப் புள்ளிகள் சிதறும். சத்தம் மட்டும் தெளிவாகவே இருக்கும். அந்தக் கால டிவியில் படம் அலையின் உயரத்தில் ஏறி வந்தது. பொறியின் இரைச்சலும் உயரத்தைத்தான் குலைக்கும். ஒலியோ அலைவெண் மாற்றத்தில் வந்தது. எஃப்எம் ரேடியோ இடி மின்னலிலும் கரகரக்காமல் பாடுவதும் இதே காரணத்தால்தான்.

இன்னொரு தொல்லை மின்வெட்டு. பேசின் பிரிட்ஜிலேயே மின் நிலையம் உண்டு. 1996இல் வந்த 120 மெகாவாட் எரிவாயுச் சுழலி நிலையம் அது. விளக்கடியில் இருட்டு என்பதற்கு எங்கள் தெருவைவிட நல்ல சாட்சி கிடைக்காது. கான்ட்ரா என்ற சுடும் ஆட்டத்தில் கடைசி பாஸ் வரை போய்விட்டு நிற்கும்போது கரண்ட் போகும். டிவி கேமின் நினைவகம் மின்சாரம் இருக்கும்வரைதான் எதையும் நினைவில் வைத்திருக்கும். சில ஆட்டங்களின் கேசட்டுக்குள் ஒரு சின்ன பேட்டரி வைத்துச் சேமிப்பார்கள். கான்ட்ராவில் அது கிடையாது. திரும்ப முதல் ஸ்டேஜ்.

அந்த நினைவகத்தின் அளவு 2 கிலோபைட். படம் வரையும் சில்லுக்குத் தனியாக இன்னொரு 2 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படத்துக்கு இதைப்போலப் பல மடங்கு இடம் வேண்டும். திரை 256க்கு 240 புள்ளிகள், மொத்தம் 61,440. புள்ளிக்கு ஒரு பைட் என்று வைத்தாலே 60 கிலோபைட் ஆகிறது. பிறகு 2 கிலோபைட்டில் படம் எப்படி நின்றது?

நிற்கவே இல்லை. முழுப் படம் என்று ஒன்று அந்த இயந்திரத்துக்குள் எந்தக் கணத்திலும் இருந்ததில்லை.

பழைய டிவியின் படக்குழாயில் ஒரே ஒரு புள்ளி வரிசை வரிசையாக ஓடுகிறது. கழுத்துப் பகுதியிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான் கற்றை கண்ணாடியின் உட்பக்கப் பாஸ்பர் பூச்சில் மோதி ஒளியை எழுப்பும். இந்திய முறையில் ஒரு வரி ஓட 64 மைக்ரோ விநாடி. மேலிருந்து கீழே வர விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. ஃபேமிகாமின் வரையும் சில்லு இந்தக் கற்றையோடு கூடவே ஓடியது. கற்றை எந்தப் புள்ளியில் இருக்கிறதோ அந்தப் புள்ளிக்கு என்ன நிறம் என்று அந்தக் கணத்தில் கண்டுபிடித்து அனுப்பும், அனுப்பியதும் மறந்துவிடும். நினைவில் வைத்துக்கொண்டது வெறும் குறிப்பு. திரையை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்தால் 960 கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு பைட்; அதில் எத்தனையாவது அச்சு என்ற எண். நிறத்துக்கு 64 பைட். கூட்டினால் சரியாக 1024. அச்சுகளின் உருவம் கேசட்டில் இருக்கும். தெருவோரம் விற்கும் கோல அச்சை வைத்து வாசல் முழுக்கக் கோலம் போடுவதுபோல, ஒரே அச்சைப் பல இடத்தில் பதிக்கலாம். சூப்பர் மரியோவில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே அச்சுதான். நிறம் மட்டும் வேறு. 1985இல் வந்த அந்த ஆட்டம் முழுவதும், 32 ஸ்டேஜ்களும் இசையும் சேர்த்து, 40 கிலோபைட்டில் அடங்கியது இப்படித்தான்.

கான்ட்ராவில் எதிரிகள் கூட்டமாக வரும்போது உருவங்கள் மினுக்மினுக்கென்று துடிக்கும். கேசட் பழசு என்று கடைக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறோம். அது கேசட்டின் குற்றமில்லை. மரியோ, எதிரி, குண்டு என்று நகரும் உருவங்களை ஆக்கும் சிறு துண்டுகள் திரையில் மொத்தம் 64 இருக்கலாம். ஆனால் ஒரு வரியில் எட்டுக்கு மேல் வரைய அந்தச் சில்லுக்கு நேரம் போதாது. ஒன்பதாவது காணாமல் போகும். காணாமல் போனது உங்களைச் சுடவந்த குண்டு என்றால் செத்தீர்கள். அதனால் நிரலாளர்கள் ஒவ்வொரு காட்சியிலும் வரிசையை மாற்றிவிடுவார்கள். இந்த முறை நீ விழு, அடுத்த முறை அவன் விழட்டும் என்று. எல்லோரும் விட்டுவிட்டுத் தெரிவார்கள். யாரும் அடியோடு மறையமாட்டார்கள். அந்தத் துடிப்பு குறை அல்ல, நிரலாளரின் கருணை என்றே நான் நினைக்கிறேன்.

கற்றையோடு கூட ஓடிய இயந்திரம் என்பதால் அதன் கடிகாரமும் கற்றைதான். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி விநாடிக்கு 60 காட்சி காட்டும். இந்தியாவில் 50. மரியோ ஒரு காட்சிக்கு இத்தனை புள்ளி நகர வேண்டும் என்றுதான் நிரலில் எழுதியிருக்கும். விநாடிக்கு இத்தனை என்றல்ல. நம் டிவிக்கு ஏற்ப 50இல் ஓடும்படி செய்த நகல்களில் அதே நிரல் ஓடியபோது எல்லாமே ஆறில் ஐந்து பங்கு வேகமாயிற்று. மரியோ மெதுவாக ஓடினான். பின்னணி இசையும் காட்சிக்குக் காட்சி தட்டப்படுவதால் தாளமும் இழுத்துக்கொண்டது. டோக்கியோ பையனுக்கு ஒரு காட்சிக்கு 16.7 மில்லி விநாடி. பேசின் பிரிட்ஜ் பையனுக்கு 20. இது எங்களுக்கு யாரும் சொல்லாமல் கிடைத்த சலுகை.

படக்குழாயின் இன்னொரு குணம் அதன் சத்தம். விநாடிக்கு 15,625 வரி ஓட்டும் மின்மாற்றி அதே அலைவெண்ணில் ஊசிபோலக் கீச்சிடும். குழந்தைகளுக்கு அது நன்றாகக் கேட்கும். வயது ஏற ஏற, உட்காதில் உயர்ந்த ஒலியைப் பிடிக்கும் நுண்மயிர்ச் செல்கள் முதலில் சாகும். ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு ஆடினால் பாட்டிக்குத் தெரியாது. ஆனால் மாடிப்படியில் ஏறும்போதே தங்கச்சி கண்டுபிடித்து, "அம்மா, அண்ணன் படிக்கல!" என்று கத்துவாள்.

வாத்து சுடும் துப்பாக்கியைச் சொல்லாமல் விட முடியாது. 1984இல் வந்த டக் ஹன்ட் ஆட்டத்தில் துப்பாக்கியிலிருந்து எதுவும் பாயாது. அது சுடும் கருவியே அல்ல, பார்க்கும் கருவி. குழலுக்குள் ஒரு ஒளி உணரி இருக்கும். விசையை இழுத்ததும் ஒரே ஒரு காட்சிக்குத் திரை முழுக்கக் கருப்பாகும். அடுத்த காட்சியில் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம். முதலில் இருட்டும் அடுத்து வெளிச்சமும் தெரிந்தால் குறி சரி. இரண்டு வாத்து என்றால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சதுரம். எந்தக் காட்சியில் வெளிச்சம் வந்தது என்பதை வைத்து எந்த வாத்து என்று தெரியும். பல்பைக் காட்டி ஏமாற்றலாம் என்று பார்த்தால், இருட்டுக் காட்சியிலும் பல்பு எரிவதால் மாட்டிக்கொள்ளும். இதே துப்பாக்கியை இன்றைய எல்இடி டிவிமுன் நீட்டினால் ஒரு வாத்தும் விழாது. வெள்ளைச் சதுரம் பல மில்லி விநாடி பிந்தி வருவதற்குள் கன்சோல் தீர்ப்பு எழுதி முடித்திருக்கும்.

கேசட் ஓடாவிட்டால் ஊதுவோம். உலகம் முழுக்க ஊதினார்கள். பலன் ஊதியதால் வந்ததல்ல. எடுத்துத் திரும்பச் செருகும்போது பின்களின் மேல்படலம் உராய்ந்து புதுத் தொடுகை கிடைப்பதால். ஊதும்போது போவது காற்று மட்டுமல்ல, எச்சில் ஈரமும். எங்கள் ஊரில் கடல்காற்று கொண்டுவரும் உப்பு ஏற்கெனவே பின்மேல் படிந்திருக்கும். ஈரம் சேர்ந்தால் செம்பு அரிக்கும். துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிய காலத்தில் ராயபுரம் பக்கம் ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரல் கறுக்கும். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் 2011இல்தான் அங்கே நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாளுவது நின்று எண்ணூருக்குப் போனது. கரித்தூள், உப்பு, எச்சில் மூன்றையும் தாங்கிக்கொண்டு அந்தக் கேசட்டுகள் ஓடியதற்கு அவற்றைச் செய்த முகம் தெரியாத தைவான்காரருக்கு ஒரு கும்பிடு.

பிளேஸ்டேஷன் ஜப்பானில் 1994 டிசம்பரில் வந்தது. எங்கள் தெருமுனைக் கடைக்கு வர இன்னும் சில வருஷம் ஆயிற்று. மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு ஆடவிடுவார் ஒரு அண்ணன். "தம்பி, டைம் ஆச்சு, எந்திரி" என்பதுதான் அவர் அதிகம் பேசிய வசனம். அங்கே ஓடியதெல்லாம் நகல் சிடி. சோனியின் பூட்டு அழகானது. அசல் தட்டின் உள்விளிம்பில் தடம் மிக நுண்ணியதாக நெளியும். அந்த நெளிவில் தட்டு எந்தப் பிராந்தியத்துக்கு என்பதற்கான நான்கு எழுத்துக் குறி பொதிந்திருக்கும். கணினியில் எரிக்கும் சிடியில் தடம் தட்டைச் செய்யும்போதே போடப்பட்டுவிடுவதால், தரவை எழுதலாமே தவிர நெளிவை மாற்றி எழுத முடியாது. எனவே பூட்டை உடைத்தவர்கள் தட்டைத் தொடவே இல்லை. அந்த நான்கு எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு சின்னச் சில்லைக் கன்சோலுக்குள் பற்றவைத்தார்கள். அண்ணன் கடையில் ஒரு பிளேஸ்டேஷன் எப்போதும் தலைகீழாகவே கிடக்கும். முதல் மாடல்களில் லேசர் நகரும் பிளாஸ்டிக் தண்டவாளம் சூட்டிலும் தேய்மானத்திலும் சரிந்துவிடும். கவிழ்த்துப் போட்டால் புவியீர்ப்பு எதிர்ப்பக்கம் இழுத்துக் குவியத்தைச் சரிக்கட்டும். எந்தப் புத்தகத்திலும் படிக்காமல் அவர் கண்டுபிடித்திருந்த இயற்பியல் அது.

2006இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் 14 அங்குலப் படக்குழாய் டிவிகள் வீடுகளுக்குப் போயின. அதுவரை சீரியலுக்கும் கேமுக்கும் ஒரே டிவி என்று நடந்த சண்டை எங்கள் தெருவில் பல வீடுகளில் அன்றோடு தீர்ந்தது. பெரிய டிவி அம்மாவுக்கு, சின்னது கான்ட்ராவுக்கு. 2011இல் இலவச லேப்டாப் வந்தது. பாடம் படிக்கக் கொடுத்ததில், பழைய கன்சோலைப்போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருள் ஏறியது. தம்பி முறையாகும் ஒரு பையன் லேப்டாப்பில் எமுலேட்டர் போட்டு, "ஆடிக் காட்டுண்ணா" என்று நீட்டினான். முதல் ஸ்டேஜிலேயே பள்ளத்தில் விழுந்தேன். திரும்பவும் விழுந்தேன். கண் தெரிகிறது, வழி தெரிகிறது, விரல் மட்டும் பிந்துகிறது. எமுலேட்டர் மரியோவை ஜப்பானிய வேகத்தில், விநாடிக்கு 60 காட்சியில் ஓட்டிக்கொண்டிருந்தது. என் விரல் 50இல் வளர்ந்தது.

கண்ணால் பார்த்துக் கை அசைய மனிதருக்குச் சுமார் 200 முதல் 250 மில்லி விநாடி ஆகும். மரியோவின் தாவலுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர் பார்த்துவிட்டு அழுத்துவதில்லை. வரப்போவதைக் கணித்து முன்கூட்டியே அழுத்துகிறார். அந்தக் கணிப்பை வைத்திருப்பதில் சிறுமூளைக்குப் பெரும் பங்கு உண்டு. சைக்கிள் ஓட்டுவதும் கேரமில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவதும் அதே இடத்து வேலை. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காஸிமா எங்கள் வட சென்னைப் பெண். கேரம் பலகையில் விரலுக்கும் காய்க்கும் நடுவே எந்த இயந்திரமும் நிற்பதில்லை. டிவி கேமும் படக்குழாயும் சேர்ந்தபோது ஏறக்குறைய அந்த நிலைதான். நடுவில் காத்திருக்கும் இடமே கிடையாது. தட்டை டிவியோ வந்த காட்சியை எண்ணாக மாற்றி, பெரிதாக்கி, மெருகேற்றி, பிறகுதான் காட்டுகிறது. பழைய கன்சோலின் படம் அதற்குப் பழக்கமில்லாத வகை என்பதால் இன்னும் குழம்பும். இதற்குப் பல பத்து மில்லி விநாடி போய்விடும். பழைய ஆட்டத்தை வாங்கி ஆடிவிட்டு "இப்ப அவ்ளோ நல்லா இல்லப்பா" என்பவர்களிடம் நான் சொல்வது இதுதான். நீங்கள் ஆடியது வெறும் கேசட்டை அல்ல. கேசட், சில்லு, குழாய், 50 ஹெர்ட்ஸ் எல்லாம் சேர்ந்த ஒன்று. அதில் பாதியைத் தூக்கிப்போட்டுவிட்டு மீதியோடு ஆடுகிறீர்கள்.

வாழ்நாள் முழுக்க ஆடுபவன் என்றால் அடுத்த கேள்வி, "அடிமையா நீங்க?" 1998இல் லண்டன் ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் எழுதினார்கள். டாங்கி ஓட்டும் ஆட்டத்தின்போது மூளையில் டோபமின் சுரப்பு கூடுவதை எட்டுப் பேரிடம் பார்த்ததாக. அதைப் பிடித்துக்கொண்டு கேம் என்றாலே போதை என்பது அவசரம். டோபமின் நல்ல பிரியாணிக்கும் சுரக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் விளையாட்டுச் சீர்கேடு நடப்பில் இருப்பது உண்மை. கட்டுப்பாடு இழந்து, மற்றதெல்லாம் பின்னுக்குப் போய், கேடு தெரிந்தும் நிறுத்த முடியாத நிலை, பொதுவாகப் பன்னிரண்டு மாதமாவது நீடிக்க வேண்டும். கான்ட்ராவுக்கு முடிவு உண்டு. காசு கேட்க அதற்கு வாய் இல்லை. கைபேசியில் பணம் கட்டி ஆடவைக்கும் செயலிகள் வேறு சாதி. தமிழ்நாடு 2022இலும், மத்திய அரசு 2025இலும் அவற்றுக்கு எதிராகச் சட்டம் போட்டதை ஒரு பழைய ஆட்டக்காரனாக நான் வரவேற்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணில் அந்த 14 அங்குல டிவி இன்னும் இருந்தால் ஒரு வேண்டுகோள். இந்தியாவில் படக்குழாய் செய்த ஆலைகள் மூடிவிட்டன, இனி வராது. சில மாதத்துக்கு ஒருமுறை சற்று நேரம் ஓடவிடுங்கள். நெடுநாள் மின்சாரம் பார்க்காவிட்டால் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்கள் கெடும். பின்மூடியை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள். குழாய்க்குள் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும். அணைத்த பிறகும் மின்னூட்டம் தங்கியிருக்கும். கேசட் பின்னை ஊதாமல், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். புது டிவியில்தான் ஆடுவேன் என்றால் அமைப்புகளில் 'கேம் மோட்' இருக்கிறதா பாருங்கள். தாமதம் நிறையக் குறையும். டிவி வேண்டவே வேண்டாம் என்றால், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் உடைக்காமல் முழுதாகக் கொடுங்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. பழைய இரும்புக் கடைக்குப் போனால் கழுத்தை உடைத்துச் செம்புச் சுருளை எடுத்துக்கொண்டு, மீதியைக் கால்வாயோரம் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.